என் பையில் இருந்த சாவி

மனைவியின் தம்பிக்கு நான் கொடுக்க வேண்டியிருந்தது பதினெட்டாயிரத்து அறுநூற்று ஐம்பது ரூபாய். கடைசல் மோட்டார் எரிந்தபோது வாங்கிய பணம். பெரிய எந்திரங்களில் தேய்ந்த துளைகளைக் கடைந்து சீராக்குவது என் தொழில். துளை பட்டறைக்கு வராது. மோட்டாரையும் கடைசல் தண்டையும் சுமந்துகொண்டு நாம்தான் துளையிடம் போக வேண்டும்.

அன்று மண் அள்ளும் எந்திரம் ஒன்றின் பூமுக்கு, அதாவது தூக்கி நிறுத்திய நீண்ட இரும்புக் கைக்கு, அடியில் மல்லாந்து கிடந்தேன். அதன் நுனியில் இணைப்பு ஆணி போகும் துளை தேய்ந்து முட்டை வடிவமாகியிருந்தது. வெல்டிங் வைத்து நிரப்பிப் பழைய அளவுக்குக் கடைந்துகொண்டிருந்தேன். பூமை ஒரு ஜாக்கி தாங்கியது. அதன் பக்கத்தில் ஆபத்துக்கு அடுக்கிய கட்டைகள். எந்திரத்தின் சாவி என் சட்டைப்பையில். கீழே படுப்பவன்தான் சாவியை வைத்துக்கொள்ள வேண்டும் என்பது எங்கள் வழக்கம்.

மச்சினன் வந்து குனிந்தான். அவனும் இதே கம்பெனி தயாரித்த எந்திரம் ஒன்றை ஓட்டுகிறவன்.

"படுத்துக்கிட்டே சம்பாதிக்கிற ஆளு நீங்க ஒருத்தர்தான் மாமா. என் காசு எப்ப எழுந்து வரும்?"

"முடிச்சாத்தான் கூலி. வெளிச்சத்த மறைக்காதடா."

"வெயில் மண்டையப் பொளக்குது. மேல கேபின்ல உக்காந்திருக்கேன். வாங்காமப் போக மாட்டேன்."

மோட்டாரை நிறுத்தினேன். அளவெடுக்க, பூமுக்கும் கட்டைக்கும் நடுவே முழங்கைவரை கையை விட்டேன். மேலே கேபின் கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது. சாவிதான் என்னிடம் இருக்கிறதே.

பிறகு கேபினில் 'கீய்ங்' என்று ஒரு சத்தம். காற்றாடி ஓடியது.

அந்தக் கம்பெனி எந்திரங்களுக்கெல்லாம் ஒரே சாவி; அவனிடமும் ஒன்று இருந்தது. பன்னிரண்டு வருஷமாகத் தெரிந்த விஷயம், அப்போதுதான் உறைத்தது. அவன் பழக்கதோஷத்தில் லீவரை இறக்கிப் பூமின் பூட்டையும் விடுவித்துவிடுவான். அவன் முழங்கை பிடியில் பட்டால் போதும், எஞ்சின் ஓடாவிட்டாலும் பூம் தன் எடையிலேயே இறங்கும்.

"டேய், எதையும் தொடாத!"

கண்ணாடி மூடியிருந்தது. கையை இழுத்தேன். கடைசலில் உதிர்ந்த இரும்புச் சுருளில் கையுறை மாட்டிக்கொண்டது. பூம் ஒரு விரல் இறங்கியது. ஜாக்கி முனகிச் சாய்ந்தது. கையுறையை விட்டுவிட்டுக் கையை மட்டும் உருவினேன்.

தொம்மென்று உட்கார்ந்தது பூம்.

இறங்கி ஓடிவந்தவன் கட்டைமேல் நசுங்கிக் கிடந்த கையுறையைப் பார்த்தான். அவன் உதடு வெளுத்திருந்தது.

"மாமா... கை?"

நான் விரித்துக் காட்டினேன். ஒவ்வொரு விரலாக அவனே தொட்டு எண்ணினான்.

"அக்காகிட்டச் சொல்லிடாதீங்க மாமா. அந்தக் காசு வேணாம். சத்தியமா இனிக் கேக்க மாட்டேன்."

சரியென்று தலையை ஆட்டினேன்.

இப்போதெல்லாம் பேட்டரி ஒயரைக் கழற்றாமல் எதன் அடியிலும் படுப்பதில்லை.

அன்று வீட்டில் மனைவி கேட்டாள்: "ஒரு கையுறைதான் இருக்கு. இன்னொண்ணு எங்க?"

"தொலஞ்சுபோச்சு" என்றேன். அதோடு பதினெட்டாயிரத்து அறுநூற்று ஐம்பதும் தீர்ந்தது.