வெண்ணெய்க்குப் பண்டம்

அர்த்தநாரி யாரையும் நம்பாத மனுஷன். நிறுத்துக் கட்டிய பருப்பை இன்னொரு தரம் நிறுத்துப் பார்ப்பான், தன் கையே தன்னை ஏமாற்றிவிடுமோ என்று. அப்பேர்ப்பட்டவன் முன்பின் தெரியாத ஓர் ஆளை வேலைக்கு வைத்தான் என்றால் அது அவன் பெண்சாதி மருதாத்தாளின் பிடிவாதம்.

மீனாட்சிபுரத்துக்கு ரயில் வந்த மறுவருஷம் அது. ரயில் ஊருக்கு என்ன நல்லது செய்ததோ, அர்த்தநாரியின் மளிகைக் கடைக்கு ஒன்றும் செய்யவில்லை. வியாழக்கிழமையானால் ஜனங்கள் ரயிலேறிப் பொள்ளாச்சிச் சந்தைக்குப் போய்விட்டார்கள். மிச்சம் மீதிப் பேரை ஸ்டேஷன் பக்கம் புதுக்கடை போட்டிருந்த திருச்சூர்க்காரர் யாக்கோபு இழுத்துக்கொண்டார். பாகம் பிரித்தபோது நிலம் வேண்டாம், கடை போதும் என்று வாங்கிக்கொண்டவன் அர்த்தநாரி. கடை படுத்துவிட்டால் தம்பி அப்புசாமியின் தோட்டத்தில் போய்க் கூலிக்கு மண் வெட்டவேண்டியதுதான். தம்பி நல்லவன், மாட்டேன் என்று சொல்லமாட்டான். அதுதான் அர்த்தநாரிக்கு இன்னும் கேவலமாக இருந்தது.

மருதாத்தாளின் சித்தி மகன் பொள்ளாச்சியில் பாத்திரக்கடை வைத்து ஈ ஓட்டிக்கொண்டிருந்தவன். கோயம்புத்தூரிலிருந்து சூசையப்பன் என்று ஒருவர் வந்து, நோட்டீஸ் அடித்து, டமாரம் போட்டு, யோசனை சொல்லிவிட்டுப் போனார். அதற்கப்புறம் அந்தக் கடையில் நிற்க இடமில்லையாம். கடைகளுக்கு வியாபாரம் பெருக்கிக் கொடுப்பதே அவர் பிழைப்பு. மருதாத்தாள் தன் வளையலைக் கழற்றி வைத்துவிட்டு, அவரைக் கூப்பிட்டால்தான் மறுபடி போடுவேன் என்று நின்றாள். ஆள் வந்து சேர்ந்தார்.

வெள்ளைச் சட்டை, மடித்த குடை, சன்னமான குரல். வந்ததும் அவர் சொன்ன முதல் பேச்சே அர்த்தநாரிக்கு உறுத்தியது.

"இப்பக் காசொண்ணும் வேண்டாமுங்க மொதலாளி. வியாபாரம் ஏறுனதுக்கப்பறம் பாத்துக் குடுங்க."

முன்பணம் வாங்காமல் எவனாவது வேலை செய்வானா? இவனுக்குக் காசு வேறு எங்கிருந்தோ வருகிறது என்று அர்த்தநாரி அப்போதே முடிவு கட்டிவிட்டான். எங்கிருந்து என்பதற்கும் ரொம்ப யோசிக்கவில்லை. யாக்கோபும் ஏசுவைக் கும்பிடும் வேதக்காரர், இவரும் வேதக்காரர். வேறென்ன சாட்சி வேண்டும்?

வாய்விட்டே கேட்டும் பார்த்தான். "ஞாயித்துக்கெளம நீங்களும் யாக்கோபும் ஒரே கோயில்லதான் இருப்பீங்களாட்ட இருக்குது?"

"இல்லீங்க. அவிய சுரியானிக்காரரு. நாங்க லத்தீன். அவிய பூசை வேற, எங்க பூசை வேற. அவரு மூஞ்சிகூட எனக்குத் தெரியாதுங்க."

கேட்டதற்கு உடனே பதில் வந்தால் அது பாடம் பண்ணி வைத்த பதில். அர்த்தநாரியின் கணக்கு அப்படி.

சூசையப்பன் எதிரே புளியமரத்தடியில் உட்கார்ந்து கடைக்கு யார் வருகிறார்கள், என்ன வாங்குகிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தார். அர்த்தநாரி கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு அவரைப் பார்த்துக்கொண்டிருந்தான். அந்த மும்முரத்தில் வந்த ஒன்றிரண்டு பேருக்கும் உப்பு கேட்டால் மிளகு கொடுத்தான். சாயங்காலம் அவர் எழுந்து வந்து பலகையில் உட்கார்ந்தார்.

"ஒண்ணு மட்டும் நெசமாச் சொல்லுங்க மொதலாளி. ரயிலும் வந்து, புதுக்கடையும் வந்தப்பறம், இன்னும் உங்ககிட்ட வர்ற நாலு பேரு எதுக்கு வர்றாங்க?"

எதற்கென்று அர்த்தநாரிக்குத் தெரியும். புண்ணாக்குக்கு. மாடு வைத்திருக்கிற ஊர் அது. கோபாலபுரத்துச் செக்கில் மண் கலக்காமல் ஆட்டிய எள்ளுப் புண்ணாக்கு அவனிடம் மட்டும்தான் கிடைக்கும். தின்ற மாடு மறுநாள் கூடுதலாகக் கறக்கும். அந்தச் செக்கு யாருடையது என்று மருதாத்தாளிடம்கூட அவன் சொன்னதில்லை. இவன் கேட்டு, யாக்கோபு காதுக்குப் போய்விட்டால் கதை முடிந்தது. மூட்டைகளின் மேல் கோணிப்பையை இழுத்து மூடினான்.

அப்போதுதான் அவனுக்கு அந்த யோசனை வந்தது. ஏன் சும்மா இருக்கவேண்டும்? யாக்கோபு தலையில் ஒரு பாறாங்கல்லைத் தூக்கி வைத்தால் என்ன?

"பொம்பளைங்க வெண்ணெ கொண்டாருவாங்க. எத்தனை கொண்டாந்தாலும் எடை போட்டு எடுத்துக்கிட்டு, அதுக்குப் பண்டம் குடுத்துருவேன். அதுதான் எங்கட ரகசியம்" என்றான், முகத்தில் ஒரு சுருக்கம் இல்லாமல்.

முழுப்புளுகு. ஆனால் அர்த்தநாரி பார்வையில் அருமையான புளுகு. யாக்கோபு இதைக் கேட்டு வெண்ணெய் வாங்க ஆரம்பிப்பார், பங்குனி வெயிலில் அத்தனையும் உருகி நாறும், கடையை மூடிக்கொண்டு திருச்சூருக்கு நடையைக் கட்டுவார்.

சூசையப்பன் நிமிர்ந்து உட்கார்ந்தார். முகம் மலர்ந்துவிட்டது.

"இத்தனை பெரிய சமாச்சாரத்தையா மூடி வெச்சிருக்கறீங்க? இந்தச் சுத்துவட்டாரத்துல வெண்ணெக் காசு பொம்பளைங்க காசுங்க. ஆம்பளைங்க தொடமாட்டாங்க. அதை விக்கறதுக்கு ரயிலுக்குக் கூலி குடுத்துப் பொள்ளாச்சி போயி, அங்க ஏவாரிகிட்ட ஏமாந்து வர்றாங்க. இது தெரிஞ்சா எல்லாரும் இங்கதான் வருவாங்க. நான் ஊரூராப் போயிச் சொல்லிப்போட்டு வர்றேன்."

"போய்ட்டு வாங்க" என்றான் அர்த்தநாரி. ஊரூராகவா போகப்போகிறான், நேரே ஸ்டேஷன் கடைக்குப் போவான் என்று மனசுக்குள் சிரித்துக்கொண்டான்.

அந்த வாரம் முழுக்க சூசையப்பனைக் காணவில்லை. அர்த்தநாரி தினம் ஒரு சாக்குச் சொல்லி ஸ்டேஷன் வரை நடந்து, யாக்கோபு கடையில் வெண்ணெய்ச் சட்டி ஏதாவது தெரிகிறதா என்று ஓரக்கண்ணால் பார்த்து வந்தான். தெரியவில்லை. கள்ளன், உள்ளே ஒளித்து வைத்திருக்கிறான் என்று சமாதானம் செய்துகொண்டான்.

வியாழக்கிழமை காலையில் வண்ணாமடைப் பாதையில் புழுதி கிளம்பியது. பெண்கள். தலையில் சட்டி, சட்டிமேல் வாழையிலை. ஒருத்தி பின்னால் ஒருத்தியாக வந்துகொண்டே இருந்தார்கள். அர்த்தநாரி இடுப்பில் கை வைத்துக்கொண்டு வேடிக்கை பார்த்தான். யாக்கோபு மாட்டிக்கொண்டான் என்று அவனுக்கு அப்படி ஒரு குஷி. மருதாத்தாளைக்கூட வந்து பார்க்கச் சொல்லிக் கூப்பிட்டான்.

வந்தவர்கள் ஸ்டேஷன் பக்கம் திரும்பவில்லை. நேரே அவன் கடை வாசலில் வந்து சட்டிகளை இறக்கினார்கள்.

"ஏனுங்ணா, வெண்ணெய எடை போடுங்க" என்றாள் முன்னால் நின்ற ராமாத்தாள். "வெயிலுக்கு முந்தி ஊடு போயிச் சேரோணும். எனக்குப் புளியும் பருப்பும் வேணும்."

அர்த்தநாரி இடுப்பிலிருந்து கையை எடுத்தான். கூட்டத்தின் பின்னாலிருந்து சூசையப்பன் வியர்த்து வழிய வந்தார். பின்னோடு டமாரக்காரன்.

"பாத்தீங்களா மொதலாளி. நெய்க்கும் ஆள் புடிச்சாச்சுங்க. பாலக்காட்டுல ஒரு வெண்ணெ ஏவாரி, இத்தனையும் உருக்கி ரயில்ல ஏத்துனாப் போதும், அங்க எறக்கிக்கிறேங்கறாரு. போற ரயில் இன்னிக்கு உங்களுக்குத்தானுங்க ஓடுது."

ரயிலைக்கூடத் தனக்கு வேலை செய்ய வைத்திருக்கிறார் இந்த மனுஷர். அதைக் கேட்க அர்த்தநாரிக்குக் காது இல்லை. அவனுக்கு ஒன்றே ஒன்றுதான் புரிந்தது. யாக்கோபுக்கு அவன் வைத்த கல் திரும்பி அவன் தலைமேலேயே வந்து உட்கார்ந்திருக்கிறது, இது யாக்கோபு செய்த வேலை. பாலக்காட்டு வியாபாரியும் அந்தக் கூட்டத்து ஆளாகத்தான் இருப்பான்.

"வெண்ணெ வாங்கறதா யாரு சொன்னது? நான் சொல்லவே இல்ல" என்றான்.

சூசையப்பன் அவனையே பார்த்தார். "நீங்கதானுங்க சொன்னீங்க. நீங்க சொன்னதத்தான் நான் ஊருக்குச் சொன்னேன்."

"உன்னைய யாரு அனுப்புனதுன்னு எனக்குத் தெரியும். நடையக் கட்டு."

மருதாத்தாள் உள்ளிருந்து ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் கடைப்பலகைகளை ஒவ்வொன்றாகப் போட்டு அடைத்துவிட்டான். வெளியே பெண்கள் பேசுவது கேட்டது. வாழையிலைக்கு அடியில் வெண்ணெய் இளக ஆரம்பித்திருந்தது. பிறகு சூசையப்பனின் குரல்: "என் பேச்சக் கேட்டு வந்துட்டீங்க. வாங்க, அந்தக் கடையிலயாச்சும் கேட்டுப் பாக்கலாம்."

கையும் களவுமாகப் பிடிக்க இதைவிட வேளை கிடைக்குமா? அர்த்தநாரி பின்வாசல் வழியே ஓடினான். யாக்கோபு கடைக்கு முன்னால் அவிழ்த்து விட்டிருந்த ஒரு வண்டிக்குப் பின்னால் ஒண்டிக்கொண்டு காதைத் தீட்டினான்.

யாக்கோபு திகைத்துப்போய் நின்றிருந்தார். "நீங்க ஆரு? இதுக்கு முந்தி இங்க கண்டிட்டில்லையே" என்று சூசையப்பனைக் கேட்டார்.

சூசையப்பன் பெயரைச் சொன்னார், ஊரைச் சொன்னார். வெண்ணெயைப் பற்றியும் பாலக்காட்டு வியாபாரியைப் பற்றியும் சொன்னார். அர்த்தநாரியைப் பற்றி ஒரு வார்த்தைகூடக் குறையாகச் சொல்லவில்லை. யாக்கோபு கொஞ்ச நேரம் தாடையைத் தடவினார். ராமாத்தாளின் சட்டியில் விரல்விட்டு, எடுத்து, மோந்து பார்த்தார். பிறகு தராசை எடுத்து வெளியே மாட்டினார்.

இவர்கள் ஒருவரையொருவர் பார்த்ததே இல்லை. அர்த்தநாரிக்கு இப்போது சந்தேகமே இல்லை, தன் புத்தியின்மேல் தவிர. வெட்கமாக இருந்தது. அழுகைகூட வந்தது. அந்த நேரம் பார்த்து ராமாத்தாள் திரும்பி அவனைப் பார்த்துவிட்டாள்.

"ஏனுங்ணா, நீங்களும் வெண்ணெ போட வந்தீங்களா?"

எல்லாப் பெண்களும் திரும்பினார்கள். பழக்கதோஷம், வாயில் பொய்தான் வந்தது.

"இல்லீங்க. உப்பு வாங்க."

யாக்கோபு உப்பை நிறுத்தார். பொட்டலத்தை வாங்கி அவன் கையில் கொடுத்தவர் சூசையப்பன்.

வீட்டுக்குள் நுழைந்ததும் மருதாத்தாள் அந்தப் பொட்டலத்தையும் பார்த்தாள், மூலையில் அடுக்கியிருந்த சொந்த உப்பு மூட்டைகளையும் பார்த்தாள். அர்த்தநாரி சுவரில் சாய்ந்து உட்கார்ந்தான். புண்ணாக்கைச் சொன்னான், கோபாலபுரத்துச் செக்குக்காரர் பெயரைச் சொன்னான், வெண்ணெய்ப் புளுகைச் சொன்னான், வண்டிக்குப் பின்னாலிருந்து பார்த்ததையும் கேட்டதையும் சொன்னான். கல்யாணமானதிலிருந்து அவன் ஒரு விஷயத்தை முழுசாக அவளிடம் சொன்னது அதுதான் முதல் தடவை.

அவள் கடைசிவரை கேட்டாள்.

"இதுல பாதிய அந்த மனுசங்கிட்டச் சொல்லியிருந்தாப் போதுமுங்க" என்றாள். "அந்தத் தராசு இன்னேரம் நம்ம வாசல்ல தொங்கியிருக்கும்."