வெட்டாத கல்லும் வாக்குக் கொடுத்த மீசையும்

ஃபெஸ் நகரில் ஓய்வுபெற்ற பள்ளி ஆய்வாளர் அப்துல்ஹக், தன் புது வீட்டு முற்றத்தில் பதிக்கும் ஒரு கல்கூட வெட்டுப்படாது என்று காபிக்கடையில் சத்தியம் செய்திருந்தார். வெட்டுப்பட்டால் மீசையை மழித்துக்கொள்வாராம். வாத்தியார்களையே வியர்க்க வைத்த மீசை அது. கேட்டுக்கொண்டிருந்த மனைவியின் அண்ணன் தய்யிப், அன்றைக்கே நாவிதரிடம் சொல்லிவைத்துவிட்டார்.

கணக்கென்னவோ சுத்தம். நீளம் 630 சென்டிமீட்டர், அகலம் 546. பெரியதைச் சிறியதால் வகுத்தார், மீதி 84. அந்த 84-ஆல் 546-ஐ வகுத்தார், மீதி 42. 84-ஐ 42 மிச்சமில்லாமல் வகுத்தது. ஆகவே 42-தான் மீப்பெரு பொதுக் காரணி. அதைவிடப் பெரிய சதுரக்கல் இரண்டு பக்கமும் முழுசாகப் பொருந்தாது. இதைக் கேட்காதவர்களுக்கும் விளக்கினார். சூளையிலிருந்து அதே அளவில் கல் வந்து இறங்கியது.

மேஸ்திரி பூசெல்ஹாம் இடுக்கே விடாமல் பதித்துக்கொண்டு போய், கடைசிச் சுவரருகில் தலையைச் சொறிந்தபடி நின்றார். கல்லுக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு கை அகலத்துக்கு வெறும் தரை.

"பத்து சென்டி மிச்சம் ஐயா. வெட்டித்தான் போடணும்."

"தய்யிப் உனக்கு எவ்வளவு குடுத்தான்?"

"அவரா? போன தடவை அவர் வீட்ல வேலை செஞ்சப்ப டீகூடக் குடுக்கல."

அப்துல்ஹக் நம்பவில்லை. கல்லை ஒவ்வொன்றாக அளந்தார்: 42. சூளைக்காரன் சதி இல்லை. கற்களுக்கிடையே காகிதம் நுழைத்துப் பார்த்தார், நுழையவில்லை. மேஸ்திரியின் டேப்பைச் சந்தேகித்துத் தன் டேப்பைக் கொண்டுவந்தார். பிறகு தன் டேப்பையும் சந்தேகித்தார். இரண்டும் ஒரே குரலில் நீளம் 640 என்றன.

புதுப் பூச்சுச் சுவர் என்றும் பார்க்காமல் கரித்துண்டால் 640-ஐ 546-ஆல் வகுத்தார். மீதி 94, அப்புறம் 76, 18, 4, 2. அந்த இரண்டில் போய் மிச்சமில்லாமல் முடிந்தது.

"ரெண்டு சென்டிக் கல்லா!"

புதினா டீ கொண்டுவந்த மனைவி ஸுஹூர் தட்டைக் காட்டினாள். "இந்தச் சர்க்கரைக் கட்டி அதைவிடப் பெருசு."

"சுவர் எப்படி நகரும்? யாரோ என் முதுகுக்குப் பின்னால..."

"யாரோ இல்லீங்க, நீங்கதான். எங்கண்ணன் தன் முற்றம் 635-ன்னு சொன்ன மறுநாளே கொத்தனாரைப் பிடிச்சு, 'கொஞ்சம் வெளிய தள்ளிக் கட்டு'ன்னீங்களே."

"அது ஒரு கை அகலம்தானே!"

"அதை உங்க கணக்குக்கிட்டச் சொல்லுங்க."

அப்துல்ஹக் சுவரைப் பார்த்தார். மீசையைத் தடவினார். சுவரை உள்ளே இழுத்தால் தய்யிப் ஜெயிப்பான். கல்லை வெட்டினால் நாவிதன் ஜெயிப்பான்.

"இடிங்க," என்றார், தொண்டைக்குள்ளேயே.

பாதிச் சுவர் விழுந்து புழுதி அடங்குவதற்குள், நாவிதரோடு தய்யிப் வந்து நின்றார்.

"என்ன மாப்ளே, கட்டுன சுவரையே இடிக்கிறீங்க?"

"என் முற்றத்துல கல் வெட்டுப்படாது. உங்க முற்றம் அஞ்சு சென்டி பெருசாவே இருந்துட்டுப் போகட்டும்."

"என்னுதா?" தய்யிப் வாய்விட்டுச் சிரித்தார். "அது காபிக்கடையில சும்மா அடிச்சு விட்டது மாப்ளே! நான் அளந்ததே இல்லை. ஆறு மீட்டர் கம்பளத்தை விரிச்சா ஓரம் சுவர்ல ஏறுது."

ஸுஹூர் முந்தானையில்லாத குறைக்குக் கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். மேஸ்திரி சம்மட்டியைக் கீழே வைத்தார். கல், சூளை, இடுக்கு, டேப் என்று எல்லாவற்றையும் சந்தேகித்த மனிதர், தய்யிப்பின் வாயை மட்டும் அளக்காமல் விட்டிருந்தார்.

நாவிதர் பெட்டியைத் திறக்காமல் டீக்கு உட்கார்ந்தார். அப்துல்ஹக் உட்காரவில்லை. டேப்பைச் சட்டைப்பைக்குள் போட்டார்.

"கிளம்புங்க மச்சான். உங்க வீட்டுக்குப் போவோம். அந்த ஆறு மீட்டரையும் பார்த்துடலாம்."