இரண்டு வாசல், ஒரே பெட்டி

மனித குலம் நெருப்பைக் கண்டுபிடித்ததற்கும் சக்கரத்தை உருட்டியதற்கும் அடுத்தபடியாக வைத்து எண்ணத்தக்க ஒரு நிகழ்ச்சி, நீகாத்தா மாநிலத்தில், ஏப்ரல் மாதத்தின் முதல் வேலைநாள் காலையில் நடந்தேறியது. சுபாமே ஊரில் கரண்டி செய்யும் செகினே நிறுவனமும், சான்ஜோ ஊரில் சுத்தியல் செய்யும் உசாமி நிறுவனமும் ஒரே மின்னஞ்சல் முறைக்குள் வந்தன. இரு தலைவர்களும் வெள்ளைக் கையுறை அணிந்து ஒரே பொத்தானை ஒரே நேரத்தில் அழுத்தினார்கள். வாழ்த்துரைகள் முடிந்து எல்லோரும் இருக்கைக்குத் திரும்பியதும் புதிய முறையில் போன முதல் அஞ்சல், உசாமியின் கொள்முதல் பிரிவுத் துணைத்தலைவருடைய முன்பற்கள் இரண்டை உடைத்தது.

அந்த அஞ்சலில் தகாத வார்த்தை ஒன்றுகூட இல்லை. எப்போதும் தாங்கள் காட்டிவரும் பேராதரவுக்கு நன்றி, புதிய முகவரி இதுதான், இனியும் தங்கள் அன்பு தொடரவேண்டும் என்று நான்கு வரி. அது வந்து விழுந்த நொடியில் மனிதர் நாற்காலியோடு பின்னால் சாய்ந்து, அலமாரியில் மண்டையை இடித்துக்கொண்டு, கைக்குட்டையில் பற்களைப் பொறுக்கினார். பிறகு அதே மரியாதையோடு பதில் எழுதினார். எதிர்முனையில் ஒருவருக்குத் தோள்பட்டை எலும்பு முறிந்தது.

இந்த முறையை வடிவமைத்தவள் செகினேயின் கணினிப் பிரிவைச் சேர்ந்த கசுயா தொமொயே. உசாமி சார்பில் கூட இருந்தவர் நிஷிகாதா என்கிற ஒல்லியான, வாய் நீளமான மனிதர். சுபாமேக்கும் சான்ஜோவுக்கும் நடுவில் ஓர் ஆறும் கொஞ்சம் வயலும்தான் என்றாலும், இரண்டுக்கும் பொதுவான புல்லட் ரயில் நிலையத்தின் பெயரில் சுபாமே முன்னால் வந்துவிட்டதால் நெடுஞ்சாலை வாசலின் பெயரில் சான்ஜோ முன்னால் வரவேண்டியிருந்த ஊர்கள் அவை. கடல் தாண்டி வந்த மலிவுக் கரண்டியும் மலிவுச் சுத்தியலும் நெருக்கியதால் இரு நிறுவனங்களும் ஒன்றையொன்று கட்டிப்பிடித்துக்கொண்டன. எல்லாம் சுமுகமாக முடிந்தது, மின்னஞ்சல் முகவரியின் வாலில் யார் பெயர் முன்னால் என்ற கேள்வி வரும்வரை. அதற்கு ஒரு வருடம் கூட்டம் போட்டார்கள். கடைசியில் தொமொயேதான் வழி சொன்னாள். சுபாமேயிலிருந்து கிளம்பும் அஞ்சலில் செகினே முன்னால் நிற்கும், சான்ஜோவிலிருந்து கிளம்புவதில் உசாமி முன்னால் நிற்கும், இரண்டும் ஒரே பெட்டியில் போய் விழும். இரண்டு வாசல், ஒரே பெட்டி. கூட்டத்தில் கைதட்டினார்கள். இரு ஊருக்கும் இடையே இருந்த அறுபது வருட வஞ்சம் அத்தனையும் வந்து சேர ஒரே இடம் கிடைத்துவிட்டது என்று அப்போது யாருக்கும் தோன்றவில்லை.

தோக்கியோவிலிருந்து நிபுணர் ஒருவர் வந்து இரண்டு நாள் சர்வரின் அருகே உட்கார்ந்தார். முறை கேட்டபடிதான் இயங்குகிறது, குறை எதுவும் இல்லை என்று அறிக்கை எழுதினார். அறிக்கையை மின்னஞ்சலில் அனுப்பினார். அது வந்து சேர்ந்ததில் கணக்குப் பிரிவின் ஜன்னல் கண்ணாடியும் ஒரு எழுத்தரின் இரண்டு விலா எலும்புகளும் போயின.

முதல் கோடைக்குள் இதன் ஒழுங்கு எல்லோருக்கும் பிடிபட்டது. பெறுநர் வரிசையில் முதல் பெயருக்கு முழு அடி விழும், அடுத்த பெயருக்குப் பாதி, அதற்கடுத்து அதில் பாதி, கடைசிப் பெயர்க்காரருக்கு ஒரு தும்மல். நகல் பெறுபவருக்குக் கன்னத்தில் விழும். மறைநகல் முதுகில் இறங்கும், அதற்குத் தையல் போட வேண்டும். இதையெல்லாம்விட வியப்பு ஒன்று உண்டு. அடியின் கனம் கோபத்தைப் பொறுத்ததல்ல, மரியாதையைப் பொறுத்தது. சான்ஜோவில் உலைக்களத்து மேஸ்திரி ஒருவர், “ஏய் கரண்டிப் பயலே, நீ அனுப்புன அளவு தப்பு, கண்ண எங்க வச்சிருந்த?” என்று எழுதினார். பெற்றவனுக்குக் கொசு கடித்த மாதிரி இருந்தது. அதே விஷயத்தை செகினேயின் விற்பனை இயக்குநர், பேரன்புக்குரிய தங்கள் மேலான கவனத்துக்குத் தயக்கத்தோடு கொண்டுவரத் துணிகிறேன் என்று தொடங்கி எழுதியபோது, உசாமியின் தரக்கட்டுப்பாட்டு அதிகாரி இரண்டாம் மாடி ஜன்னலை உடைத்துக்கொண்டு போய் மீன் குளத்தில் விழுந்தார். அவரோடு மூன்று மீன்களும் செத்தன. மீன்களுக்கு நிறுவனம் வருத்தம் தெரிவித்தது.

பாதுகாப்புக் குழு கூடியது. பட்டறையில் போடும் தலைக்கவசத்தை அலுவலகத்திலும் போடச் சொன்னது. செகினேக்காரர்களுக்கு வெள்ளை, உசாமிக்காரர்களுக்கு மஞ்சள். பட்டறையில் இயந்திரத்தைத் தொடுமுன் விரல் நீட்டி உரக்கச் சொல்லும் வழக்கம் அலுவலகத்துக்கும் வந்தது. காலையில் மாடி முழுக்க ஆட்கள் எழுந்து நின்று, திரையை நோக்கி விரல் நீட்டி, “அனுப்புநர், சரி! தலைப்பு, சரி! பல், சரி!” என்று கத்துவார்கள். ரயில் நிலையத்துக்கு எதிரே இருந்த பல் மருத்துவர் மேலே ஒரு மாடி எழுப்பினார். கட்டுத்துணி விலை ஏறியது, முட்டை விலை ஏறவில்லை. வருடக் கடைசியில் நன்றி சொல்லி எழுதும் பருவம் வந்தபோது சுபாமே கணக்கர் ஒருவர் மேசையிலேயே இறந்துபோனார். அவர் பொருட்டு வந்த இரங்கல் அஞ்சல்களால் மேலும் மூவர் மருத்துவமனைக்குப் போனார்கள்.

மரியாதைச் சொற்களைச் சுருக்கி எழுதலாம் என்று தொமொயே குழுவுக்கு ஒரு யோசனை அனுப்பினாள். தங்கள் அரிய யோசனையை ஆழ்ந்து பரிசீலித்தோம், இம்முறை அதை ஏற்கும் பேறு எங்களுக்கு வாய்க்கவில்லை என்று பதில் வந்தது. அவளுடைய இடது மணிக்கட்டு உடைந்தது.

அதற்குள் இன்னொன்றும் நடந்திருந்தது. காயம் பதவியாகிவிட்டது. முகத்தில் தழும்பு இல்லாதவனுக்கு யாரும் அஞ்சல் அனுப்புவதில்லை என்று பொருள், அப்படியானால் அவன் முக்கியமானவன் இல்லை. பிரிவுத் தலைவர்கள் மாவுக்கட்டை அவிழ்க்க மறுத்தார்கள். ஒருவர் விடுமுறையில்கூடக் கையைக் கழுத்தில் கட்டிய துணியில் தொங்கவிட்டுக்கொண்டு திரிந்தார். மூக்கு நேராக இருந்த துணை மேலாளர் ஒருவர் தன் மூக்கைத் தானே கதவில் இடித்துக்கொண்டதாகப் பேச்சு.

தொமொயேயின் கணவர் எய்ஜி உசாமியில் சரக்கு அனுப்பும் பிரிவின் தலைவர். எல்லா அஞ்சலிலும் அவர் பெயர் எங்காவது இருக்கும். மாலையில் அவரைக் குளியல் தொட்டியில் இறக்கும்போது, நீலம், பச்சை, மஞ்சள் என்று முதுகில் ஒரு வருடத்துக் கடிதப் போக்குவரத்தையே பார்க்க முடிந்தது. வலது காது ஏற்கெனவே கேட்காது. இன்னொரு பெரிய அடியை அவர் மண்டை தாங்காது என்று மருத்துவர் தொமொயேயிடம் தனியாகச் சொன்னார்.

இணைப்பின் இரண்டாம் ஆண்டு விழாவுக்கு இரு தலைவர்களும் ஊழியர் அனைவருக்கும் வாழ்த்து அனுப்புவதென்று முடிவானது. யாரும் இரண்டாவதாக அனுப்பக்கூடாது என்பதால் இருவரும் ஒரே நேரத்தில் அனுப்புவார்கள். ஒவ்வொரு பக்கமும் ஆறு பேர் உட்கார்ந்து ஆறு மாதம் வாசகம் எழுதினார்கள். பதினெட்டு அடுக்கு மரியாதை என்று கேள்வி. ‘ஊழியர் அனைவரும்’ என்ற பெயர் வரிசையை இரண்டு வருடத்துக்கு முன் தொமொயேயும் நிஷிகாதாவும் சேர்ந்துதான் போட்டிருந்தார்கள். பதவிப்படி இறங்கும் வரிசை அது. மேலே தலைவர்கள் இருவரில் கிழவர் செகினேயா, கிழவர் உசாமியா என்று முடிவு செய்ய முடியாமல், யாரையும் புண்படுத்தாமலிருக்க இருவரையுமே விட்டுவிட்டார்கள். அடுத்த படியில் நின்றவர் இயக்குநர் ஒருவர், ஆனால் விழாக் குழுத் தலைவர் அந்த ஆண்டு இயக்குநர்களுக்கும் முன்னால் வருவார் என்பது விதி. விழாக் குழுத் தலைவராக எய்ஜியை அப்போதுதான் நியமித்திருந்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் இருவரும் நூடுல்ஸ் சாப்பிடப் போனார்கள். கல்யாணமான நாளிலிருந்து ஒரு வாரம் சுபாமேயில் கொழுப்பு மிதக்கும் சூப்பு, மறு வாரம் சான்ஜோவில் கறிக் குழம்பு ஊற்றியது என்பது அவர்களுடைய உடன்படிக்கை. அன்றைக்குக் கறிக் குழம்பு முறை.

“ஏங்க, அன்னைக்கு ஒரு நாள் லீவு போடுங்க.”

“லீவா? முதல் பேரு என்னோடதுடி. உசாமியில இருந்து ஒருத்தன் பேரு உச்சியில நிக்கிறது இதான் முதல் தடவை. எங்க அம்மா இருந்தா விசேசம்னு சிவப்புப் பயறு போட்டுச் சோறு ஆக்கியிருப்பா.”

“அடி உங்க மண்டையில விழும். பதினெட்டு அடுக்கு, அதுவும் ரெண்டு.”

“விழட்டும். உன் ஊர் ஆளு எழுதினதுதானே? கரண்டி அளவுக்குத்தான் இருக்கும்.” எய்ஜி கேட்கிற காதைத் திருப்பி வைத்துக்கொண்டு குழம்பை உறிஞ்சினார். “பேரை எடுத்துடலாம்னு மட்டும் நினைச்சிராத. நீ எடுத்துட்டா அப்புறம் நான் மனுசனா நடமாட முடியாது.”

எடுக்க முடியாது, இறக்கலாம். திங்கட்கிழமை அவள் நிஷிகாதாவைப் பிடித்தாள். அவருக்கு அந்த வாரம் தாடையில் கம்பி போட்டிருந்தார்கள். அப்படியும் பேசினார்.

“சொல்லுங்க கரண்டிக்காரம்மா. யாரு செத்தா?”

“இந்தத் தடவை இன்னும் யாரும் சாகல. வரிசையில பெரியவங்க ரெண்டு பேரையும் சேர்க்கணும்.”

“யார முதல்ல? அதுக்கு அடிச்சுக்கிட்டு மறுபடி ஒரு வருசம் கூட்டம் போடவா? எனக்கு மிச்சம் இருக்கிறது ஒம்பது பல்லு.”

“கூட்டமே வேணாம். செகினே ஐயா அனுப்பறப்ப உசாமி ஐயா பேரு முதல்ல. உசாமி ஐயா அனுப்பறப்ப செகினே ஐயா பேரு முதல்ல. விருந்தாளிக்கு முதல் மரியாதை. எவனாவது குத்தம் சொல்ல முடியுமா?”

நிஷிகாதா கம்பியை நாக்கால் தடவினார். “அப்ப அடி யாருக்கு?”

“அவங்க எழுதின மரியாதை. அவங்களே வாங்கிக்கட்டும்.”

“எங்க ஊர்ல சுத்தியலுக்குக் கைப்பிடி போடறவன்கூட இவ்வளவு கச்சிதமா ஆப்பு இறக்க மாட்டான்” என்றார் நிஷிகாதா. “தாளைக் குடுங்க. முதல் முத்திரை என்னோடது.”

மாற்றத்துக்கு ஒப்புதல் வாங்கும் தாள் இரண்டு ஊரிலும் மேசை மேசையாக ஏறியது. கீழே இருப்பவர் மேலே இருப்பவரின் பக்கம் குனிவதுபோல முத்திரையைச் சாய்த்துக் குத்துவது வழக்கமாதலால், தாள் உச்சிக்குப் போவதற்குள் சிவப்பு வட்டங்கள் எல்லாம் காற்றடித்த நெல்போல ஒரே பக்கம் சாய்ந்திருந்தன. கிழவர் செகினே அடுத்தவன் தனக்கு முதலிடம் தருவதைப் படித்து மகிழ்ந்து நேராகக் குத்தினார். கிழவர் உசாமியும் அதையே படித்து, அதே அளவு மகிழ்ந்து, நேராகக் குத்தினார்.

விழா நாள் காலையில் இருவரும் அவரவர் ஊரில், அவரவர் அறையில், வெள்ளைக் கையுறையோடு அமர்ந்தார்கள். தலைக்கவசம் போட மறுத்துவிட்டார்கள், அது கீழே உள்ளவர்களுக்கு. தொலைபேசியில் ஒருவர் எண்ண, இருவரும் அழுத்தினார்கள். கிழவர் செகினே தோல் நாற்காலியோடு மூன்று தடுப்புச் சுவர்களைப் பிளந்து, கரண்டி மெருகேற்றும் கூடத்தின் கூரையைப் பெயர்த்துக்கொண்டு வெளியே போனார். அவருடைய வலது கை மட்டும் கையுறையோடு கூடத்திலேயே தங்கியது. கிழவர் உசாமி கொதிகலன் அறை வழியாகப் போனதால் ஏற்கெனவே எரிந்துகொண்டிருந்தார். உழவுக்குக் காத்திருந்த வயல்களின் மேல் இருவரும் எதிரெதிராகப் பறந்து வந்து, ரயில் நிலையத்தின் வாகன நிறுத்தத்துக்கு நேர் மேலே தலையோடு தலை மோதினார்கள். சத்தம் இரண்டு ஊருக்கும் கேட்டது. டாக்சி ஓட்டி ஒருவர் கீழிருந்து பார்த்திருக்கிறார். விழும்போதும் ஒருவருக்கொருவர் குனிந்தபடிதான் விழுந்தார்களாம். ரத்தம் கழுவ மதியம் வரை ஆயிற்று, நிறுத்தக் கட்டணம் அன்றைக்கு மட்டும் பாதி.

இருவரில் யார் முதலில் தரையைத் தொட்டார்கள் என்று சச்சரவு வந்தது. நிலையத்தில் வைத்த கல்வெட்டின்படி செகினே முதலில் விழுந்தார், நெடுஞ்சாலை வாசலில் வைத்த கல்வெட்டின்படி உசாமி. இரண்டும் சரியென்று இரு நகரசபைகளும் ஏற்றுக்கொண்டன.

வரிசையில் மூன்றாவதாக நின்ற எய்ஜிக்கு இரண்டு அஞ்சலிலும் சேர்ந்து மூக்குடைந்தது, கன்னத்து எலும்பில் ஒரு விரிசல். கட்டுப் போட்டு வீட்டுக்கு வந்தவர், “மூணாவதா இறக்கிட்டியே” என்று சொல்லிவிட்டு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். அதன்பிறகு ஜூன் மழை தொடங்கும்வரை மனைவியிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. மழையின் முதல் நாள் சாப்பாட்டில் உட்கார்ந்து, “சோயா சாஸ எடு” என்றார். தொமொயே எழுந்துபோய் எடுத்து வந்தாள். சமையலறையில் கொஞ்ச நேரம் கூடுதலாக நின்றாள், அவ்வளவுதான்.

பிறகு இரண்டு கிழவர்களின் பிள்ளைகளும் தலைவர்களானார்கள். அஞ்சல் முறை மாறவில்லை. வருடத்துக்கு இரண்டு மூன்று சாவு, அதற்கென்று பட்ஜெட்டில் ஒரு வரி. புதிதாகச் சேருகிறவர்களுக்கு முதல் நாளிலேயே கவசமும் பல் மருத்துவர் அட்டையும் கொடுத்துவிடுகிறார்கள். தங்கள் ஊரில் மின்னஞ்சல் அடிக்காது என்று வெளியூர்க்காரர்கள் சொன்னால், அங்கெல்லாம் மரியாதை தெரியாது போலிருக்கிறது என்று இவர்கள் அனுதாபப்படுகிறார்கள். தொமொயே ஓய்வுபெறும் வாரத்தில் பழைய பெட்டிகளைக் காலிசெய்தபோது, அந்த விழா வாழ்த்துகள் இரண்டையும் அதுவரை ஒருவர்கூடத் திறக்கவில்லை என்பதைக் கண்டாள். திறந்தாள். பதினெட்டு அடுக்கையும் ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டு அடிவரை போனாள். இரண்டிலும் செய்தி ஒன்றுதான்: இன்று வழக்கம்போல வேலை உண்டு.