பள்ளத்தின் அகலம்

பதினோராம் வகுப்பில் அவளை எல்லோரும் எக்ஸ்பிரஸ் என்றுதான் கூப்பிடுவார்கள். கணினியில் படம் வரையும் வகுப்பில் மற்றவர்கள் வட்டத்துக்கு மையம் தேடிக்கொண்டிருக்கும்போதே அவள் பிரிண்ட் கொடுத்திருப்பாள். பக்கத்து இருக்கைக்காரிக்கு நெட்டை என்று பெயர். இருவரும் உயிர்த்தோழிகள், பேச உட்கார்ந்தால் வாய் ஓயாது.

அன்று டிராயிங் மிஸ் ஒரு வேலை வைத்தார். போனை நிற்கவைக்கும் ஸ்டாண்டு ஒன்றை ஒவ்வொருவரும் வரைய வேண்டும். பிறகு பக்கத்தில் இருப்பவர் அந்தப் படத்தைப் பார்த்துப் பட்டறையில் ப்ளைவுட்டில் செய்ய வேண்டும்.

"அவங்க செய்யறப்ப வரைஞ்சவங்க ஒரு வார்த்தை பேசக்கூடாது. சொல்ல வேண்டியது எல்லாம் பேப்பர்லயே இருக்கணும்."

"இதுங்க ரெண்டும் பேசாம இருக்கிறதா? நடக்கிற காரியமா மிஸ்?" என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது.

பட்டறையில் நெட்டை படத்தை விரித்தாள். முன்தோற்றம், மேல்தோற்றம், பக்கத்தோற்றம் மூன்றும் பளிச்சென்று இருந்தன. ஆனால் போன் செருகும் பள்ளத்துக்கு அகலம் மட்டும் போடவில்லை. நெட்டை புருவத்தை உயர்த்தினாள். எக்ஸ்பிரஸ் நாக்கைக் கடித்துக்கொண்டாள். இரண்டு விரலைச் சற்றே விலக்கிக் காட்டப் போனாள்.

"கையையும் கட்டிக்கோ" என்றார் மிஸ்.

வேறு வழியில்லாமல் நெட்டை குத்துமதிப்பாக அறுத்தாள். செய்து முடித்த ஸ்டாண்டில் போனை வைத்ததும் அது சறுக்கிக்கொண்டு போய் மல்லாந்து படுத்தது.

"என்னடி இது, போனுக்குக் கட்டிலா?"

"அளவு போடாதவ நீ, திட்டு எனக்கா?"

மிஸ்ஸுக்கே சிரிப்பு வந்துவிட்டது. "கோடெல்லாம் அழகா போட்டுட்டு, அளவுல கோட்டை விட்டுட்டியே!"

எக்ஸ்பிரஸுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. மிஸ்ஸிடம் கேட்டு வெர்னியரை வீட்டுக்கு எடுத்துப்போனாள். போன் பேசிக்கொண்டிருந்த அப்பாவின் காதருகிலேயே அதை நீட்டிப் போனின் தடிமனை அளந்தாள்.

"ஏய், காதைக் கடிக்குது!" என்று அலறினார் அப்பா.

அம்மாவின் போன் கவர் புடைத்துக்கொண்டிருந்தது.

"அதைக் கழட்டாதே, உள்ளதான் பஸ் பாஸ் இருக்கு."

"பஸ் பாஸோடவா நிக்கணும்?"

"பின்ன, தினமும் எடுத்து எடுத்து வைப்பேனா?"

இருப்பதிலேயே அதுதான் தடிமன். அதற்கும் கொஞ்சம் இடம் விட்டு, பள்ளத்தின் அகலத்தைப் பதினான்கு மில்லிமீட்டர் என்று போட்டாள். பிரிண்ட் கொடுக்கும் முன், வாழ்க்கையில் முதல்முறையாக, படத்தை இரண்டு தடவை சரிபார்த்தாள்.

அடுத்த வகுப்பில் நெட்டை அதைப் பார்த்து ஒரு சந்தேகமும் இல்லாமல் புது ஸ்டாண்டை அறுத்து ஒட்டினாள். மிஸ் தன் போனை வைத்துப் பார்த்தார். நிமிர்ந்து நின்றது. நெட்டையின் போனும் நின்றது.

"ஸ்டாஃப் ரூம்ல பார்த்தா ஆளுக்கொண்ணு கேப்பாங்க" என்றார் மிஸ்.

"செஞ்சிடலாம் மிஸ்!" என்றாள் எக்ஸ்பிரஸ்.

"யாரு, நீயா? அறுக்கிறது நான்டி!" என்று நெட்டை அவள் முதுகில் ஒன்று வைத்தாள்.