உடற்றொழிலியல் யாருடைய பாடம்?

கடிதத்தைப் படித்ததும் மெலானிக்கு முதலில் தன் மீதுதான் சந்தேகம் வந்தது. விண்ணப்பத்தில் தான் ஏதாவது பிழையாக நிரப்பிவிட்டாளோ?

சுவிற்சர்லாந்தின் பாடன் நகரில் ஒரு மருத்துவமனையில் எட்டு வருடம் தாதியாக வேலை செய்தவள் அவள். முப்பத்தொரு வயதில் மருத்துவம் படிக்கத் துணிந்தாள். வேலை அனுபவம் உள்ளவர்களையும் எடுக்கும் ஒரு தனியார் மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பித்தாள். விஞ்ஞானப் பாடங்களின் சராசரி ஆறுக்கு 4.75 இருந்தால் நேர்முகத்துக்குக் கூப்பிடுவார்கள். அவளுக்கு 4.25 என்று எழுதி நிராகரித்திருந்தார்கள்.

இணைத்திருந்த பட்டியலைப் பார்த்தபோதுதான் விஷயம் விளங்கியது. இரசாயனவியல் 4.5, புள்ளிவிபரவியல் 4. இரண்டும் விஞ்ஞானம். உடல் இயங்கும் விதத்தைப் படிக்கும் உடற்றொழிலியலில் எடுத்த 5.5, மருந்தியலில் எடுத்த 6 இரண்டையும் 'தாதியம்' என்ற பகுதியில் போட்டுக் கணக்கில் சேர்க்காமல் விட்டிருந்தார்கள்.

மறுநாள் மருத்துவமனைச் சாப்பாட்டுக் கூடத்தில் அனோஜாவிடம் அதைக் காட்டினாள். அனோஜா அங்கேயே உடற்பயிற்சியால் சிகிச்சை தரும் இயன்மருத்துவர். இருவரும் ஒரே உயர்கல்லூரியில் படித்தவர்கள். அனோஜாவும் இதே கல்லூரிக்கு விண்ணப்பித்து, நேர்முகத்துக்கு அழைப்பும் பெற்றிருந்தாள்.

அனோஜா தன் கைபேசியில் தனக்கு வந்த பட்டியலைத் திறந்தாள். உடற்றொழிலியல், விஞ்ஞானம் என்று இருந்தது.

"என்னடி இது? ரெண்டு பேரும் ஒரே மண்டபத்திலதானே இருந்தம். சோதினைத் தாளும் ஒண்டுதான்."

"ஓம். நீ இயன்மருத்துவப் பிரிவு, நான் தாதியப் பிரிவு. அவ்வளவுதான் வித்தியாசம்" என்றாள் மெலானி. தட்டை அப்படியே தள்ளி வைத்தாள்.

கல்லூரிக்கு மின்னஞ்சல் போட்டாள். இரண்டு வரியில் பதில் வந்தது: தாதியப் பிரிவு நடத்தும் பாடங்கள் தாதியப் பாடங்களே. ஆனால் அவர்களுடைய விதிமுறையிலேயே, ஆறாம் பக்கத்தில், பாடத்தை அதன் உள்ளடக்கத்தை வைத்தே வகைப்படுத்த வேண்டும் என்று இருந்தது.

"விடப்போறீரோ?" என்று கணவன் ஜெரோசன் கேட்டான்.

"விடுறதோ? நான் குறைவா எடுத்ததெல்லாம் விஞ்ஞானமாம். நல்லா எடுத்தது மட்டும் தாதி வேலையாம். நாளைக்கு நேரில போறன்."

சூரிச்சில் கல்லூரியின் அனுமதி அலுவலகத்தில் அவளைச் சந்தித்தவர் வீஸ் என்ற பெண் அதிகாரி. மெலானி இரண்டு பாடங்களின் பாடத்திட்டத்தையும் தான் விடை எழுதிய பழைய சோதனைத் தாள்களையும் அனோஜாவின் பட்டியலையும் மேசையில் வைத்தாள். வீஸ் பொறுமையாகப் பார்த்தார்.

"சரி. உடற்றொழிலியலை விதிவிலக்காகச் சேர்க்கலாம்" என்றார் ஜெர்மனில். கணினியில் தட்டிப் பார்த்தார். "4.67 வருகிறது. வருந்துகிறேன்."

"மருந்தியல்?"

"அது தாதிகளுக்கு மட்டும் நடத்திய பாடம். நோயாளியைப் பராமரிப்பது சம்பந்தப்பட்டது."

 மெலானி குரலை உயர்த்தவில்லை.

"சிறுநீரகம் பழுதான ஒருவருக்கு நுண்ணுயிர்க்கொல்லி மருந்தை ஏன் குறைத்துக் கொடுக்கிறோம் என்று அந்தச் சோதனையில் கேட்டார்கள். இரண்டு பக்கம் எழுதினேன். அது கட்டில் விரிக்கிற பாடமா? வாசித்துப் பாருங்கள். விஞ்ஞானம் இல்லாத ஒரு வரியைக் காட்டுங்கள், நான் எழும்பிப் போகிறேன்."

வீஸ் வாசித்தார். நீண்ட நேரம் வாசித்தார். பிறகு தாள்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். திரும்பி வந்தபோது, அனுமதிக் குழு முடிவெடுக்கும் என்று மட்டும் சொன்னார்.

"இந்த வருடம் என்னைப் போல எத்தனை தாதிகளை நிராகரித்தீர்கள்?"

"ஆறு பேர். அவர்கள் யாரும் முறையிடவில்லை."

"முறையிடாவிட்டால் அவர்கள் படித்தது விஞ்ஞானம் இல்லையா?"

வீஸ் எழும்பிக் கதவைத் திறந்துவிட்டார்.

பத்து நாளில் புதிய கடிதம் வந்தது. மருந்தியலையும் சேர்த்துச் சராசரி 5.0. நேர்முகத்துக்குத் திகதி கொடுத்திருந்தார்கள். ஜெரோசன் சந்தோஷத்தில் அவளுடைய அப்பாவுக்குத் தொலைபேசி எடுக்கப் போனான். அவள் தடுத்தாள்.

"கொஞ்சம் பொறுங்கோ. இதில என்ன எழுதியிருக்கெண்டு பாருங்கோ. 'நல்லெண்ண அடிப்படையில்.' பிழை விட்டது அவங்கள். எனக்கு என்ன நல்லெண்ணம்?"

"இடம் கிடைக்கப்போகுது. இப்ப போய் அவங்களோட சண்டை கொழுவப்போறீரோ?"

"கொழுவத்தான் போறன்."

நேர்முகத்துக்கு வருவதாக உறுதிப்படுத்தினாள். அதே மின்னஞ்சலில், இது சலுகையல்ல, பிழை திருத்தம் என்று எழுதித் தரும்படியும், மற்ற ஆறு பேரின் பாடங்களையும் திரும்பப் பார்க்கும்படியும் கேட்டாள். பிரதியைத் தாதிகள் சங்கத்துக்கு அனுப்பினாள்.

அடுத்த கிழமை பதில் வந்தது. 'நல்லெண்ணம்' என்ற சொல் நீங்கி, 'திருத்தம்' என்று வந்திருந்தது. ஆறு பேரின் விண்ணப்பங்களும் மீள்பரிசீலனையில் இருப்பதாக ஒரு வரி. மன்னிப்பு என்று எங்கேயும் இல்லை. அதற்காக இன்னொரு கடிதம் எழுதலாமா என்று மெலானி யோசித்தாள். பிறகு நேர்முகத்துக்குப் படிக்க உட்கார்ந்தாள்.