போலந்தைக் கீறிய சனிக்கிழமை

1991 மார்ச்சில், லண்டன் ஹரோவில் கனகாம்பிகையின் வீட்டு மாடியிலிருந்த சின்ன அறை இரண்டடி நீண்டது. வெளியே ஒரு செங்கல்லும் அசையவில்லை. சுவருக்கு அந்தப்பக்கம் குடியிருந்த பியற்றிஸ் தன் அறையை அளந்து பார்த்து, தனக்கு ஓரங்குலமும் குறையவில்லை என்று சொல்லித் தேத்தண்ணீர் குடித்துவிட்டுப் போனார். காரணம் ஒரு கிழமையில் பிடிபட்டது. பகலில் பல்வைத்தியரிடம் வரவேற்பாளராகவும் மாலையில் ஆய்வு மாணவியாகவும் இருந்த கனகாம்பிகை, கம்யூனிச ஆட்சி போன நாடுகள் தங்கள் ஊர்ச்சபைகளையும் மாவட்டங்களையும் எப்படித் திருத்தியமைக்கின்றன என்று ஒப்பிட்டுக்கொண்டிருந்தார். அந்த அறைச் சுவரில் ஹங்கேரியின் வரைபடத்தை ஒட்டி, புதிதாகத் தனிச்சபை பெற்ற ஊர்களின் எல்லைகளைக் கறுப்பு மையால் கீறியிருந்தார். சபைகள் கூடக்கூட அறையும் கூடியது.

அடுத்து வந்தது செக் நாடு. அங்கே நாலாயிரத்துச் சொச்சம் ஊர்ச்சபைகள் மூன்று வருடத்தில் ஆறாயிரத்தைத் தாண்டின. அறை இருபத்திரண்டு அடியானது. யாழ்ப்பாணத்திலிருந்து தப்பி வந்த தம்பி யோகராஜாவும் மனைவி சிவனேஸ்வரியும் மூன்று பிள்ளைகளும் அதற்குள் அடுக்குக் கட்டில் போட்டுக் குடியேறினார்கள். அனுமதியில்லாமல் வீட்டை நீட்டியதாகக் கேள்விப்பட்டு வந்த கவுன்சில் அளவையாளர், வெளியே நீட்டிய எதையும் காணாமல், அறையின் நீளத்தைப் பென்சிலால் மட்டும் எழுதிக்கொண்டார். 1995இல் லித்துவேனியா தன் சின்னச் சபைகளைக் கலைத்தது. கனகாம்பிகை அதை நேர்மையாகக் கீறிய அன்று அறை ஏழடி சுருங்கி, யோகராஜாவின் கால் கதவுக்கு வெளியே வந்துவிட்டது. வரைபடத்தைக் கீழே குசினியில், அடுப்புக்குப் பக்கத்தில் வைத்துக் கீறினாலும் சுருங்கியது அந்த அறைதான்.

ஆகவே 1999 தை மாதம் போலந்து தன் நாற்பத்தொன்பது மாகாணங்களைப் பதினாறாக்கியபோது வீட்டில் சோறு இறங்கவில்லை. கவுன்சில் மலிவு வாடகைக்குத் தரும் வீட்டுக்கு ஏழு வருடமாக வரிசையில் நின்றவர்கள் யோகராஜா குடும்பத்தார். அறை போனால் வேறெங்கோ தற்காலிக விடுதிதான்; மூன்று பிள்ளைகளுக்கும் பள்ளிக்கூடம் மாறும்.

“அக்கா, போலந்தை விடுங்கோவன். ஒரு நாடுதானே?” என்றார் யோகராஜா.

“ஏலாது தம்பி. வசதியான நாடுகளை மட்டும் வைச்சால் அது ஒப்பீடே இல்லை. பதினாறுக்குக் கீழ முந்நூற்றுச் சொச்சம் மாவட்டச் சபையளைத் திருப்பிக் குடுத்திருக்கினம். அதையும் கீறுவன்.”

“கீறி முடிக்கிறதுக்குள்ள நாங்கள் நசிஞ்சு போனா?”

கனகாம்பிகை போலந்துச் சட்டத்தை மூன்று தரம் படித்திருந்தார். ஆனால் அறையின் கணக்கு எந்தச் சட்டத்திலும் இல்லை.

சனிக்கிழமை, பிள்ளைகள் தமிழ் வகுப்புக்குப் போனபிறகு, அறைச் சுவரில் போலந்து வரைபடத்தின் முன் நின்று பேனையை எடுத்தார். சிவனேஸ்வரி அறையைவிட்டு வெளியேற மறுத்து, கீழ்க்கட்டிலில் சம்மணமிட்டு இருந்தார். “நீங்கள் கீறுங்கோ மச்சாள். நான் இருக்கிறன்.” அப்படியொரு நம்பிக்கையை அதுவரை எந்தப் பேராசிரியரும் கனகாம்பிகைமேல் வைத்ததில்லை. கனகாம்பிகை முதலில் பதினாறு மாகாணங்களைக் கீறினார். பதினாறும் முடிந்தபோது எதிர்ச்சுவர் கட்டிலைத் தள்ளிக்கொண்டு வந்து சிவனேஸ்வரியின் முழங்காலில் முட்டி நின்றது. வெளியே யோகராஜா இறுகிப்போன கதவை அடித்துக் கத்தினார். கனகாம்பிகை முதல் மாவட்டத்தைக் கீறினார். இரண்டாவதையும் கீறினார். ஐம்பதாவதில் முழங்காலுக்கும் சுவருக்கும் இடையில் கை நுழைந்தது. நூற்றைம்பதில் கதவு திறந்தது. வகுப்பு முடிந்து பிள்ளைகள் வந்தபோது கடைசி மாவட்டம் காய்ந்துகொண்டிருந்தது. அறை இருபத்தாறு அடி.

ஆய்வேடு அந்த வருடமே ஏற்கப்பட்டது. போலந்தில் மேலே குறைத்ததைக் கீழே கொடுத்துவிட்டார்கள் என்று இத்தனை உறுதியாக எப்படி எழுதினீர்கள் என்று பரீட்சகர்கள் கேட்டார்களாம். உள்ளே இருந்த ஆளைக் கேட்டு எழுதினேன் என்றாராம் கனகாம்பிகை. அடுத்த சித்திரையிலும் வழக்கம்போல அதே கவுன்சில் அளவையாளர் அளவுநாடாவோடு வந்தார். அளந்தார், பழைய எண்ணை அழித்துப் புதிய எண்ணைப் பென்சிலால் எழுதினார், பிறகு சிவனேஸ்வரியிடம், இந்த வருடம் எந்த நாடு என்று கேட்டார்.