காத்திருந்த கட்டளை

மருமகளுக்கு அலுவலகம் என்பது வீட்டுச் சாப்பாட்டு மேஜைதான். அங்கே உட்கார்ந்தபடியே ஒரு புற்றுநோய் மருத்துவமனையின் சர்வர்களை, அதாவது தகவல்களைத் தாங்கும் கம்ப்யூட்டர் பெட்டிகளை எல்லாம் கட்டி மேய்ப்பாள். ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் ஏஜென்ட் என்று ஒரு சின்ன மென்பொருள் உண்டு. கன்சோல் என்ற கட்டுப்பாட்டுத் திரையில் இவள் போடும் உத்தரவை வாங்கி அப்படியே செய்துவிடும். ஏன், எதற்கு என்று கேட்காத நல்ல பிள்ளை.

இன்று காலை மருத்துவமனையின் தகவல் சேமிக்கும் புதிய ஸ்டோரேஜ் படுத்துவிட்டது. பேக்கப் நகலும் அதற்குள்ளேயே, அங்கே வைத்த புண்ணியவானை அப்புறம் திட்டிக்கொள்ளலாம். யாருக்கு, உடம்பில் எந்த இடத்தில், எவ்வளவு கதிர்வீச்சு என்ற கணக்கெல்லாம் இனி ஓரங்கட்டிய பழைய பெட்டியில் மட்டும்தான். அதை எடுத்து மாட்ட, அங்கேயே டெக்னீஷியனாக இருக்கும் கொழுந்தன் சர்வர் ரூமுக்குள் போயிருந்தான். அவனுடைய அம்மா, அதாவது இவளுடைய மாமியார், வெளியே சிகிச்சைக்காகக் காத்திருந்தார். பாதிதான் முடிந்திருக்கிறது. நடுவில் நிறுத்தவே கூடாது என்று டாக்டர் அடித்துச் சொல்லியிருந்தார்.

பெட்டி உயிர் பெற்றதா என்று பார்க்கக் கன்சோலைத் திறந்தாள். பழைய பெட்டிக்கு எதிரே ஓர் உத்தரவு காத்திருந்தது: முழுவதும் அழி. அவளே போட்டதுதான். போன வாரம் பெட்டியை ஒதுக்கியபோது போட்டாள். அதற்குள் யாரோ நெட்வொர்க் வயரைப் பிடுங்கிவிட்டதால் போய்ச் சேரவில்லை. இவளும் மறந்துவிட்டாள். வயரைச் செருகி ஏஜென்ட் கண் விழித்ததும் அதற்கு முதல் வேலை அதுதான்.

ரத்து செய் என்பதை அழுத்தினாள். ஏஜென்ட் தொடர்பில் இல்லை, இந்த உத்தரவு வரிசையில் சேர்க்கப்பட்டது என்று பதில் வந்தது. அழிக்கும் உத்தரவுக்குப் பின்னால்!

"சனியனே!" என்று திரையைப் பார்த்துக் கத்திவிட்டுக் கொழுந்தனுக்குப் போன் போட்டாள். எடுத்தது மாமியார்.

"உள்ள போன் கொண்டு போகக்கூடாதாம்மா. எங்கிட்ட குடுத்துட்டுப் போனான்."

"அத்தை, ஓடிப்போய் அந்த ரூம் கதவத் தட்டுங்க! நெட்வொர்க் வயரைச் செருகாதேன்னு சொல்லுங்க!"

"ஓடவா? நடக்கறதே பெரும்பாடா இருக்கு. இரு, போறேன்."

செருப்பு தேயும் சத்தமும் மூச்சிரைப்பும் கேட்டன. பிறகு கதவைத் தட்டும் சத்தம். உள்ளே ஓடும் விசிறிகளின் இரைச்சலில் அவனுக்கு என்ன கேட்கும்? கடைசியில் இவள் கன்சோல் சர்வரையே நிறுத்தினாள். உத்தரவு போட ஆளே இல்லாவிட்டால் ஏஜென்ட் யாரைக் கேட்கும்? திரை இருண்டது. அப்பாடா என்று மூச்சு விட்டாள்.

திரை மறுபடி ஒளிர்ந்தது. மாற்றுக் கன்சோல் தானாகவே பொறுப்பேற்றுக்கொண்டது. ஒன்று விழுந்தால் இன்னொன்று தாங்கட்டும் என்று இவளே அமைத்து, மீட்டிங்கில் கைதட்டலும் வாங்கியிருந்தாள். சொந்தச் செலவில் சூனியம். அதையும் நிறுத்தக் கை போவதற்குள் போனில் மாமியார் குரல் கேட்டது.

"கதவத் தொறந்துட்டான்மா! வயரைச் செருகிட்டானாம். லைட்டு வேகமா மினுக்குதாம், நல்லா வேலை செய்யுதுங்கறான்."

"பிடுங்கச் சொல்லுங்க அத்தை, பிடுங்க..."

திரையில் அடுத்தடுத்து இரண்டு பச்சை டிக் விழுந்தன. அழிப்பு முடிந்தது. ரத்து ஏற்கப்பட்டது.

மேஜையில் தலையைக் கவிழ்த்து அழுதாள். போனில் மாமியாருக்கு இன்னும் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது.

"ஏன்மா அழற? அதான் நான் போய்ச் சொல்லிட்டேனே. சரி, என்னை எப்பம்மா உள்ள கூப்பிடுவாங்க?"